என் எறகையும் எழுதுங்க

எங்கள் எஸ்டேட்டில் இறகு சேர்த்து வைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரை. இன்னொருத்தி நான். துரையிடம் அதற்கென்றே அறை அறையாகத் தடுத்த தேக்குப் பெட்டி இருந்தது. என்னிடம் அவர் பங்களாவில் பிஸ்கட் தீர்ந்துபோன தகர டப்பா இருந்தது. மற்றபடி எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

சின்னக்கானலுக்கு மேலே, மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து போகிற உயரத்தில் எங்கள் லயம் இருந்தது. நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் குடும்பங்கள், ஆளுக்கொரு அறை, ஒரு அடுப்படி. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா, ஏரிக்கரையில் துரைமார் மீன்பிடிக்கக் கட்டிவைத்திருந்த ஹட்டுக்கு வாட்சர். எழுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்கார துரைகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட, அந்த நாற்காலிகளில் நம்மாட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவரும் நிறத்தில் எங்களைப் போலத்தான். ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன தொப்பி, பைப், தூண்டில், அதட்டல் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி அவருக்குப் பொருந்திவிட்டன.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமை வந்தால் என்னை வீட்டில் பார்க்க முடியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஓடைக்கரையில், பிறகு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் ஹட்டுக்குப் பின்னாலிருந்த பாறைகளில் என்று தலையைக் குனிந்தபடியே அலைவேன். மைனா, கிளி, காட்டுப்புறா, விடியற்காலையில் மனுசன் மாதிரி விசிலடிக்கும் அந்தக் கருநீலக் குருவி, யாருடையது என்றே தெரியாத கோடு போட்டது, புள்ளி வைத்தது என எதுவும் தப்பாது. எல்லாவற்றுக்கும் மேலே காட்டுச்சேவலின் கழுத்து இறகு. கறுப்பில் சாம்பல் ஓடி, அதன்மேல் யாரோ மஞ்சள் மெழுகைச் சொட்டவிட்டது போலப் பளபளக்கும் புள்ளிகள். மழை மாதங்களில் சேவல் அதை உதிர்க்கும். அதுவும் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். அது கிடைத்த நாளில் நான் யாரையும் மதிக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் அம்மா போட்ட சட்டங்கள் அரசாங்கச் சட்டத்தைவிடக் கடுமை. கீழே விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கூட்டில் கை வைக்கக் கூடாது. செத்த பறவை கிடந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வருடம் லயத்துக் கோழிகளையெல்லாம் ஒரு சீக்கு வாரிக்கொண்டு போயிருந்தது, அந்தப் பயம் அவளுக்கு.

"ஏட்டி, செத்ததத் தொட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சுது, டப்பாவோட அடுப்புல வச்சிருவேன்" என்பாள். சொன்னால் செய்கிறவள்.

கொண்டுவந்த இறகை வாசலிலேயே சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொருமுறை அலசி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, அடுப்புக்கு மேலே பரணில் காயப்போட வேண்டும். பிறகு கையைத் தேய்த்துக் கழுவினால்தான் தட்டில் சோறு விழும். பூச்சி அரிக்காமலிருக்க அப்பாவின் புகையிலையில் ஒரு துண்டு கிள்ளி டப்பாவில் போட்டு வைப்பேன். அதற்குக் கைம்மாறாக அப்பா காது குடைய ஒரு இறகு கேட்பார். தர மாட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கோழி இறகைத் தேடிப் போவார்.

இப்போது துரையின் இறகு விஷயம். எங்கள் ஏரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் இருந்தது. மண்புழு மாட்டினால் அது பேசாமல் வந்து கடித்துவிடும். ஆனால் துரைமார் மண்புழு மாட்டுவது கௌரவக் குறைச்சல். தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றி, பட்டு நூலால் கட்டி, பார்வைக்கு ஈ மாதிரி செய்து தண்ணீர் மேல் வீசுவார்கள். மீன் அதை நிஜ ஈ என்று நம்பி ஏமாற வேண்டும். அந்தப் பொய் ஈயைக் கட்டுவதற்குக் காட்டுச்சேவலின் கழுத்து இறகைவிட உயர்ந்த சரக்கு உலகத்திலேயே கிடையாதாம். ஒரு மீனை ஏமாற்ற இவ்வளவு பாடா என்று நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். சத்தமாகக் கேட்காதே என்றார்.

என் டப்பாவைப் பற்றித் துரைக்குச் சொன்னது பங்களா பட்லர். அப்பாவிடம் ஏதோ சொல்ல லயத்துக்கு வந்தவர், நான் வாசலில் இறகு அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாளே ஒரு புது பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றார். திறக்காத டப்பா. அதை வைத்துக்கொண்டு இதைக் கொடுக்க வேண்டுமாம், துரை ஆசைப்படுகிறாராம். மாட்டேன் என்றேன். அவருக்கு அது புதிய சொல். பங்களாவில் அதை அவர் கேட்டே இருக்க மாட்டார்.

"அந்த டப்பாவே பங்களா டப்பாதான புள்ள? உள்ள இருக்கது மட்டும் எப்படி ஒன்னுதாகும்?"

"டப்பா வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எறகு பங்களாவுல மொளச்சதா?" என்றேன்.

அம்மா என் வாயில் அடிக்க ஓடி வந்தாள். அடி விழுந்தது. டப்பா என் மடியை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவும் கேட்டார். அவர் எதையும் கேட்கிற ஆளில்லை, அதனால் கேட்கவே சிரமப்பட்டார். "குடுத்துரேன் தாயி. சேவல் எறகு மட்டும் போதும். இல்லன்னா வேற மாதிரி ஆகும்" என்றார். வேற மாதிரி என்றால் துரை கோபித்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளட்டுமே. நான் பொறுக்கியதை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். அப்பா ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கோழிக்கறி மணத்தது. எந்தக் கோழி, யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கறி தின்கிற பிள்ளை கேள்வி கேட்காது. அப்பா மட்டும் அந்தக் கறியைத் தொடுவதில்லை, வயிறு சரியில்லை என்பார்.

அந்த நேரத்தில்தான் புதுச் சட்டம் மலையேறி வந்தது. காட்டு விலங்கை, பறவையைச் சுடக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது என்று ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டில் மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சூப்பர்வைசர் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். கொம்பு, தோல், பல், இறகு எதுவானாலும் வீட்டில் வைத்திருப்பவர்கள் காட்டிலாகா ரேஞ்சரிடம் கொண்டுவந்து எழுதிவைக்க வேண்டும். எழுதாததைப் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் உண்டு. இன்ன ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் ரேஞ்சர் உட்காருவார். லயத்துக்காரர்கள் காதில் வாங்கிக்கொண்டு கலைந்து போனார்கள். அவர்கள் வீடுகளில் சுவரில் மாட்டக் காலண்டரைத் தவிர வேறென்ன இருக்கிறது. நான்தான் வீட்டுக்கு ஓடிப்போய் என் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.

பட்லர் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே வந்துவிட்டார். இந்தமுறை பிஸ்கட் இல்லை. "பேப்பர் இல்லாம எறகு வச்சிருந்தா ஒங்கப்பனத்தான் புடிச்சுட்டுப் போவான். பேசாம எங்கிட்டக் குடு, துரை கணக்குல சேத்து எழுதிருவோம்" என்றார். அம்மா முகம் வெளுத்துவிட்டது. டப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள் போலத்தான் இருந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். துரை எழுதினால் அது துரையுடையது ஆகிவிடும், நான் எழுதினால் என்னுடையதாகவே இருக்கும், அப்பாவையும் பிடிக்க மாட்டார்கள், இதிலென்ன குழப்பம் என்று எனக்குப் புரியவில்லை. நானே ரேஞ்சரிடம் போய் எழுதிக்கொள்கிறேன் என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பட்லர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேஞ்சர் வரும் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, ஹட்டுக்குப் பின்னால் தட்டைப் பாறையில் எனக்குப் புதையல் கிடைத்தது. காட்டுச்சேவல் கழுத்து இறகு, ஒன்று இரண்டல்ல, ஒரு கொத்து. அடியில் நகத்தளவு தோல் ஒட்டியிருந்தது. உதிர்ந்த இறகின் காம்பு வெள்ளையாக, வழுவழுப்பாக, விழுந்த பல்லைப் போலச் சுத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. காட்டுப்பூனை அடித்துத் தின்றுவிட்டு விட்டுப்போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா சொன்னது செத்த பறவையைத் தொடாதே என்று. இங்கே பறவையே இல்லையே. கொத்தை மூன்று தரம் அலசினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து ஷெட் திருவிழாக் கோலம் கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து பங்களாக்களிலிருந்தெல்லாம் டிராக்டரில் சாமான்கள் வந்து இறங்கின. காட்டெருமைத் தலைகள், மான் கொம்புகள், கண்ணாடிக் கண் வைத்த சிறுத்தைத் தோல் ஒன்று, யானைக் காலில் செய்த முக்காலி ஒன்று. கற்பூர வாசனையும் பழந்தோல் வீச்சமும் கலந்து குமட்டியது. ஒவ்வொரு தலையையும் இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இரண்டு காட்டெருமைத் தலைகளுக்கு நடுவில், தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, பள்ளிக்கூடப் பாவாடையில், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான். எங்கள் துரை ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு ரேஞ்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தேக்குப் பெட்டி மேஜைமேல் திறந்திருந்தது. அதில் காட்டுச்சேவலின் கழுத்துத் தோல்கள் இறகோடு அடுக்கியிருந்தன. எல்லாம் பழசு, தனக்கு முன்னாலிருந்த வெள்ளைக்காரர் விட்டுப்போனது என்று துரை சொல்ல, ரேஞ்சரோடு வந்த ஃபாரஸ்ட் கார்டு அதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கார்டு நிமிர்ந்து பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பெரியவர்கள் யாரும் இல்லை என்றதும் கையை வீசி, போ என்றார். நான் போகவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தேன். பட்லர் என் தோளைப் பிடித்து இழுத்தார். தோளை உதறினேன். ஷெட்டே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதனால் கோபம் இரண்டு பங்காகிவிட்டது.

"துரை வீட்டு மாட்டுத் தலைய எழுதுனீங்கல்ல? என் எறகையும் எழுதுங்க!"

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். ரேஞ்சர் நடுவயதுக்காரர், நாள் முழுக்கச் செத்த தலைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம். அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். புகையிலை நெடியில் ஒரு தும்மல் போட்டார். பிறகு ஒவ்வொரு இறகாக எடுத்து வெளிச்சத்தில் காம்பைப் பார்த்து, எங்கே கிடைத்தது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூட நான் அப்படிப் பதில் சொன்னதில்லை. ஓடைப் பாலம், முப்பதாம் நம்பர் தேயிலைக் காடு, டிஸ்பென்சரி வாசல் சவுக்கு மரத்தடி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே வந்தார். கடைசியாக அந்தக் கொத்து அவர் கையில் வந்தது.

"இது எவிடுன்னு கிட்டி, மோளே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஹட்டுக்குப் பின்னாடி, தட்டப் பாறையில. காட்டுப்பூன தின்னு போட்டது" என்றேன். இன்னும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பறந்துராம மேல ஒரு கல்லு வச்சிருந்துச்சு."

ரேஞ்சர் கொத்தின் அடியிலிருந்த தோலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரம் கத்தியால் நறுக்கியது போல நேராக இருந்தது. எழுந்து துரையின் பெட்டியிலிருந்த கழுத்துத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றின் மூலை வெட்டுப்பட்டிருந்தது. என் கொத்தை அந்த இடத்தில் வைத்தார். கிழிந்த சட்டையில் அதே துணியை வைத்தது போலப் போய் உட்கார்ந்தது. பழசு, இல்லே சாரே, என்று மட்டும் துரையிடம் கேட்டார். துரை ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். ரேஞ்சர் திரும்பி, ஹட்டின் வாட்சர் யார் என்று கேட்டார்.

கூட்டத்திலிருந்து அப்பா முன்னால் வந்தார். அவர் அங்கே நின்றதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"யாரு பிடிச்சது?"

"நான்தான்யா. கண்ணி வச்சுப் புடிச்சேன்."

"ஆர்க்கு வேண்டி?" யாருக்காக என்று கேட்டார் ரேஞ்சர்.

அப்பா தேக்குப் பெட்டியைப் பார்த்தார். துரையின் முன்னால் எப்போதும் குனிந்தே இருக்கும் அவர் தலை அன்று நிமிர்ந்திருந்தது. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. என் கொத்து திரும்பி வருமா என்பதிலேயே இருந்தேன்.

வரவில்லை. ரேஞ்சர் அதையும் தேக்குப் பெட்டியையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். அப்பாவிடம், இனி கண்ணி வைத்தால் விட மாட்டேன் என்று விரலை ஆட்டினார். மற்ற இறகுகளை டப்பாவில் போட்டு மூடி என்னிடம் தந்தார். தானாக விழுந்ததற்கு எழுத்து வேண்டாம், மோள் வைத்துக்கொள்ளலாம் என்றார். சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதியே ஆக வேண்டும் என்று நான் அடம் பிடித்ததும், கார்டிடமிருந்து தாளை வாங்கிக் கடைசி வரியாக என் பெயரை எழுதினார். எனக்குக் காட்டவும் செய்தார். துரை மேல் வழக்கு வந்ததா என்பதும் தெரியாது. துரைகள் மேல் வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவை மட்டும் அந்த வாரமே ஹட்டிலிருந்து தூக்கி, முதுகில் டிரம்மைக் கட்டி மருந்தடிக்கிற ஆட்களோடு போட்டார்கள். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அன்று அப்பாவுக்கு இரண்டாம்தரம் சோறு வைத்தாள்.

ஷெட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு கொத்து முழுசாகப் போயிற்றே. அதிலிருந்த அத்தனை மஞ்சள் புள்ளி என் மற்ற இறகுகளையெல்லாம் சேர்த்தாலும் வராது. அந்த ரேஞ்சரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

"போகட்டும் தாயி. அது அவரு கையிலதான் போய்ச் சேரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் அவங்க பக்கந்தானாப்பா? துரைக்கும் பயம், ரேஞ்சருக்கும் பயம்!" என்று கத்தினேன். அப்பா நின்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை, அது என்னைக் கேலி செய்கிற சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

காட்டுப்பூனை கத்தி பிடிக்காது. தின்ற மிச்சத்தின் மேல் கல் வைத்துவிட்டுப் போகாது. அதுவும் சனிக்கிழமைதோறும் ஒரு சிறுமி வந்து தேடும் பாறையில், ரேஞ்சர் வருவதற்கு முதல் நாளில் வைக்காது. இது எனக்கு உறைக்கப் பல வருடம் பிடித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டில் எதிர்த்து நிற்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது. அப்பாவோடு சேர்ந்து நடப்பதே கேவலம் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் விறுவிறுவென்று மலையேறினேன்.